ஓவர்டிரைவ் ரசிகர்

"அந்த டப்பாவை மட்டும் மிதிக்காதீங்க தம்பி. வெறும் கிதார்னா நாங்க எப்படியோ பொறுத்துக்குவோம்."

கீழ் வீட்டு டீச்சர் வாசலிலேயே நின்று சொன்னார்.

டப்பா என்று அவர் சொன்னது ஓவர்டிரைவ் பெடலை. காலால் ஒரு மிதி மிதித்தால் போதும், அதுவரை சாதுவாகச் சிணுங்கிக்கொண்டிருந்த எலெக்ட்ரிக் கிதார் தொண்டை கிழிய உறுமும். நம்ம ஆள் மிதித்தால் மாடிப்படி வரைக்கும் உறுமும்.

"பசங்க ட்யூஷனுக்கு வர்றாங்க. நான் சொல்லித் தர்றது எனக்கே கேக்கல."

கிதார்காரன் தலையைச் சொறிந்தான். போன வீட்டையும் இந்தக் கிதாரால்தான் காலி செய்தான். இங்கேயும் மூட்டை கட்ட வேண்டியதுதானா என்று அவன் கலங்கி நிற்க, சோபாவிலிருந்து ஒரு குரல் வந்தது.

"கலைன்னா என்னன்னு தெரியுமா டீச்சர் உங்களுக்கு?"

பக்கத்து வீட்டு மேனேஜர். கிதார்காரனுக்கு வாய்த்த ஒரே ரசிகர். ஆபீஸ் விட்டு வந்ததும் முகம்கூடக் கழுவாமல் இங்கே ஆஜராகிவிடுவார். "சத்தம் பத்தல தம்பி" என்று அந்தப் பெடலை வாங்கிக்கொடுத்ததே அவர்தான். கொடுத்ததோடு விட்டாரா, அதிலிருந்த குமிழ்களையெல்லாம் கடைசி வரை திருகியும் வைத்தார்.

"சின்னப் பையன் கஷ்டப்பட்டு சாதகம் பண்றான். பக்கத்துல இருக்கிறவங்கதான் அனுசரிச்சுப் போகணும். மனுஷன்னா கொஞ்சம் இரக்கம் வேணும் டீச்சர்."

டீச்சருக்கு முகம் சுருங்கிவிட்டது. "சரி, ஓனர்கிட்டயே பேசிக்கறேன்" என்று இறங்கிப் போனார்.

"பேசட்டும். ஓனருக்கு நான் பதில் சொல்லிக்கறேன். நீ மிதி."

கிதார்காரனுக்குக் கண் கலங்கிவிட்டது. சொந்த அண்ணன்கூட அவன் வாசித்து ஒரு பாட்டை முழுசாகக் கேட்டதில்லை.

மிதித்தான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சுருதி ஒரு பக்கம் போனது, தாளம் இன்னொரு பக்கம் போனது. மேனேஜர் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"பிரமாதம். இன்னும் கொஞ்சம் ஏத்து."

ஏற்றினான். பட்டென்று கரண்ட் போய்விட்டது. கிதார் சத்தத்தைப் பெருக்கித் தரும் ஆம்ப் பெட்டி வாயை மூட, கிதாரிலிருந்து கொசு ரீங்காரம் மாதிரி ஏதோ வந்தது. அவன் கையை எடுத்தான்.

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம், மேனேஜர் வீட்டிலிருந்து, வயசான குரல் ஒன்று கேட்டது.

"பாட்டு நின்னுடுச்சாப்பா? இப்பவாவது அப்பா கூப்பிடறது காதுல விழுதா? எந்திரிக்க முடியலடா. நாக்கு வறண்டு கிடக்கு, ஒரு வாய் தண்ணி குடுத்துட்டுப் போயேன்."

கிதார்காரன் மேனேஜரைப் பார்த்தான்.

அவர் சோபாவை விட்டு அசையவில்லை. மெதுவாகக் கண்ணைத் திறந்து, ஆம்ப் பெட்டியைக் காட்டிக் கேட்டார்.

"இது பேட்டரியில ஓடாதா தம்பி?"