பிரிண்டர் கதவருகே ஒரு படம்

ஒரு கம்ப்யூட்டருக்குள், பிரிண்டருக்குப் போகும் கதவு ஒன்று இருந்தது. அச்சாக வரும் படங்கள், ரசீதுகளில் ஒருவர் உள்ளே போனால் மற்றவர்கள் வெளியே தூங்கியபடி காத்திருக்க வேண்டும். கதவு திறந்ததும் ஒரு மணி அடித்து எல்லோரையும் எழுப்பும்; முந்தி நுழைபவருக்கே இடம்.

பொக்கை வாயோடு சிரிக்கும் ஒரு குழந்தையின் படம் அங்கே வெகுநாளாகக் காத்திருந்தது. உள்ளே போனால் சூடான காகிதம், அப்புறம் யாரோ ஒருவரின் கை. அதை நினைத்தபடியேதான் தூங்கும். மணி அடித்ததும் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடும். அதற்குள், அப்போதுதான் வந்து இன்னும் தூங்காமல் நின்ற ரசீது ஏதாவது உள்ளே நுழைந்து தாழ் போட்டிருக்கும். படம் மறுபடியும் தூங்கப் போகும்.

"எல்லாருக்கும் முன்னாடி வந்தது நான்தானே?" என்று ஒருநாள் மணியிடம் கேட்டது.

"நான் யாரையும் ஒதுக்கலையே. எல்லாருக்கும் ஒரே மாதிரிதானே அடிக்கிறேன்," என்றது மணி. அது பொய் சொல்லவில்லை.

அடுத்த தடவை மணி அடித்தபோது படம் எழுந்திருக்கவில்லை. "இந்நேரம் யாராவது போயிருப்பாங்க," என்று புரண்டு படுத்து, அந்தச் சூடான காகிதத்தைக் கனவில் தேடத் தொடங்கியது.

அந்தத் தடவை அங்கே வேறு யாருமே இல்லை. கதவு வெகுநேரம் திறந்தே கிடந்தது.