கண்ணாடியைத் துடைத்தவன்

கொலைகாரனின் வீடு பதினேழாம் மாடியில் இருந்தது. லிஃப்ற் ஏற ஏற யோகமலர் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பொலிசுக்குப் போவதற்கு முன், அண்ணனைக் கொன்றவனின் முகத்தை ஒருதரம் நேரே பார்த்துவிட வேண்டும் என்றுதான் பஸ் பிடித்து, சப்வே பிடித்து, சென் ஜேம்ஸ் ரவுண் வரைக்கும் வந்திருந்தாள்.

கதவைத் திறந்தவர் சச்சிதானந்தன் மாஸ்ரர். சாரம், பெனியன், அதற்கு மேலே சுவெற்றர். தமிழ் வானொலிக்கு ஞாயிறு தவறாமல் மர்ம நாடகம் எழுதி ஃபக்ஸில் அனுப்புகிறவர்.

"அட, அன்புராசாவின்ரை மனுசியெல்லே? வாரும் பிள்ளை, இரும். தேத்தண்ணி போடட்டே?"

"வேண்டாம் மாஸ்ரர்."

கொலைகாரன் கையால் தேத்தண்ணி ஒன்றுதான் குறை! அவள் கதிரை நுனியில் இருந்தாள். கதவு எத்தனை அடி தூரம் என்று கண் அளந்துகொண்டது.

அவருடைய நாடகம் நடப்பது விக்டோரியா மகாராணி காலத்து லண்டனில். பனிப்புகார், குதிரைவண்டி, ஊரை நடுங்க வைக்கும் ஒரு கொலைகாரன். அவனைத் தேடித் திரிகிறவர்கள் பொலிஸ்காரர் அல்ல. ஒரு மருந்துக்கடைக்காரரும் அவருடைய மைத்துனியும்.

அந்த மருந்துக்கடைக்காரர்தான் யோகமலரின் கணவன் அன்புராசா. திங்கள் முதல் சனி வரை ஸ்காபரோ ஃபக்ரறியில் பெட்டி அடுக்குகிறவன், ஞாயிறு மத்தியானம் துப்பறியும் சிங்கம். மூன்று வருசத்துக்கு முன், ரொறன்ரோவிலேயே கலியாணம் பேசிவந்து, சீதனமாக ஒரு சதம் கேளாமல் அவளைக் கட்டினவன். அவளுடைய சொந்தக்காரர் அவனைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள்.

நாடகம் நேரடியாகத்தான் ஒலிபரப்பாகும். யோகமலர் ஒன்று விடாமல் கசற்றில் பிடிப்பாள். கணவனின் குரலோடு அவன் தாள் புரட்டும் சத்தமும் சரக் சரக்கென்று விழும். "லண்டனிலை அப்பவே உவ்வளவு பேப்பரோ?" என்று பகிடி பண்ணுவாள்.

போன ஞாயிறு அவளுக்குப் பகிடி வரவில்லை. அவன் வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்: "அந்தக் கண்ணாடிக் கதையை ஆர் எழுதினது?"

"மாஸ்ரர்தான். வேறை ஆர்? நான் கிளிப்பிள்ளை மாதிரி வாசிக்கிறன், அவ்வளவுதான்" என்றான் அன்புராசா, சோற்றுக் கோப்பையிலிருந்து முகத்தை எடுக்காமல்.

இப்போது மாஸ்ரரின் முன்னால் அவள் கைப்பையிலிருந்து ரேப் ரெக்கோடரை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இதை ஒருக்காக் கேளுங்கோ மாஸ்ரர்."

கசற் சுழன்றது. தாள்கள் சரசரத்தன. குதிரைக் குளம்படி ஓய்ந்தது. மைத்துனி, "கொன்றவன் செத்துக்கிடக்கும் இவருக்கு அறிமுகமானவன் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டாள். பிறகு ஒரு சத்தமும் இல்லை. வெகுநேரம் கழித்து அன்புராசாவின் குரல் மட்டும் தாழ்ந்து வந்தது.

"சுட்ட பிறகு அவன் குனிந்திருக்கிறான். இவர் முகத்திலிருந்த மூக்குக்கண்ணாடியைக் கழற்றியிருக்கிறான். இரத்தத்தைத் துடைத்து, மடித்து, இவருடைய சட்டைப்பைக்குள் வைத்திருக்கிறான். முன்பின் தெரியாதவன் இதைச் செய்யமாட்டான்."

யோகமலர் பட்டனை அமத்தினாள்.

"எண்பத்தொன்பதிலை ஊரிலை என்ரை அண்ணனை ஆரோ சுட்டுப்போட்டுப் போட்டாங்கள். முதல் கண்டது நான்தான். கண்ணாடி இல்லாட்டி அண்ணனுக்குத் தன்ரை கையே தெரியாது மாஸ்ரர். அவன் அதைக் கழட்டவே மாட்டான். அண்டைக்கு அது துடைச்சு, மடிச்சு, பொக்கற்றுக்குள்ளை இருந்தது."

"ஐயோ பிள்ளை..."

"அம்மா ஓடி வாறதுக்கு முதல் நான் அதை எடுத்து அவன்ரை முகத்திலை மாட்டிவிட்டனான். வெறும் முகத்தோடை அவ பார்க்கக் கூடாதெண்டு. அதை ஒருத்தரும் காணேல்லை. நான் ஒருத்தருக்கும் சொன்னதுமில்லை, என்ரை மனுசனுக்குக்கூட."

ஏழு வருசமாகக் கண்ணை மூடினால் அந்த வெறும் முகம்தான். குளிக்கும்போது வரும், பஸ்ஸில் வரும், கணவனுக்குப் பக்கத்தில் படுத்திருக்கும்போதும் வரும். அவளுக்கு அழுகை முட்டியது. அதைவிட ஆத்திரம் முட்டியது.

"அது எனக்குத் தெரியும். சுட்டவனுக்குத் தெரியும். மூண்டாம் ஆள் உலகத்திலை இல்லை. நீங்கள் எப்பிடி எழுதினனீங்கள்?"

மாஸ்ரர் மெல்ல எழும்பி எழுத்துமேசைக்குப் போய் லாச்சியை இழுத்தார். எடுக்கப்போவது என்னவோ என்று யோகமலர் கதவுப் பக்கமாக இரண்டடி நகர்ந்தாள். எதற்கும் துணிந்துதானே வந்திருக்கிறாள், ஆனால் உயிர் என்றால் வெல்லம்தான்.

அவர் எடுத்தது ஒரே ஒரு தாள். அதை அவளிடம் நீட்டினார்.

"உதுதான் நான் எழுதின அஞ்சாம் பக்கம். வாசிச்சுப் பாரும்."

யோகமலர் வாசித்தாள். மாஸ்ரரின் குண்டு குண்டுக் கையெழுத்து. வீட்டு நாய் குரைக்கவில்லை, ஆகவே கொன்றவன் அறிமுகமானவன் என்று மருந்துக்கடைக்காரர் விளக்குகிறார். திருப்பியும் வாசித்தாள். நாய் இருந்தது. துப்பாக்கி இருந்தது. கண்ணாடி எங்கேயும் இல்லை.

"அப்ப... கண்ணாடி?"

மாஸ்ரர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அந்தப் பக்கம் அண்டைக்கு ஃபக்ஸிலை போய்ச் சேரேல்லைப் பிள்ளை. அன்புராசா தன்ரை பாட்டிலை சொல்லித்தான் சமாளிச்சவர்."