இரவல் மூக்கு

"இதை வரைஞ்ச கையை உடைச்சு அடுப்புல வைக்கணும் மேடம்," என்றாள் மாணவி, சுவரில் மாட்டியிருந்த முதல் படத்தைக் காட்டி. அது அவளே வரைந்த படம்தான்.

கோப்பும் பேனாவுமாக எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். வாசலில் தயங்கி நின்றவளை, "வாங்க மேடம், உங்களுக்காகத்தான் காலையிலேர்ந்து காத்துக்கிட்டிருக்கேன்" என்று கையைப் பிடித்து இழுக்காத குறையாக உட்கார வைத்தது மாணவிதான். "நான் எதுக்கு வந்தேன்னா..." என்று ஆரம்பித்தவளை முடிக்க விட்டால்தானே?

அந்த ஓவியக் கல்லூரியில் அப்படியொரு கூத்து உண்டு. வருடக் கடைசியில் வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வருவார். அவர் முன்னால் ஆறு படங்களை மாட்டிவைத்துவிட்டு, வரைந்தவரே அவற்றைத் திட்டித் தீர்க்க வேண்டும். படத்துக்கு நாற்பது மதிப்பெண், திட்டுக்கு அறுபது.

போன வருடம் மாணவி, "எல்லாம் நல்லாத்தான் வந்திருக்கு" என்று மனதில் பட்டதைச் சொல்லித் தொலைத்துத் தோற்றுப்போனாள். இந்த முறையும் தோற்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அதனால் ஒரு மாதமாகக் கண்ணாடி முன்னால் நின்று தன்னைத்தானே ஏசிப் பழகியிருந்தாள்.

"இது நாற்காலியாம். நாலு கால் இருக்கு, அவ்வளவுதான். உட்கார்ந்தா இடுப்பு போயிடும்," என்று இரண்டாவது படத்துக்குத் தாவினாள். "இங்க பாருங்க, தூங்குற நாயை வரையச் சொன்னாங்க. நான் செத்த நாயை வரைஞ்சிருக்கேன். இந்த மாடிப்படியில எவனாவது ஏறினா நேரா ஆஸ்பத்திரிதான்."

அந்தப் பெண்மணி ஒரு வரிகூட எழுதவில்லை. படங்களின் பக்கம் முகத்தைத் திருப்பவும் இல்லை. காரம் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, மாணவி நான்காவதையும் ஐந்தாவதையும் இன்னும் கேவலமாகத் திட்டினாள். அதற்கும் அசைவில்லை.

ஆறாவது படத்தில் தொப்பி போட்ட ஓர் ஆளின் முகம் இருந்தது. அதன் முன்னால் போய் நின்றதும், பேனாவின் மூடியைக் கழற்றும் சத்தம் கேட்டது.

"இதைப் பத்தி நிதானமா சொல்லும்மா," என்றாள் பெண்மணி.

மாணவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "இருக்கிறதுலயே படு மட்டம் இதுதான் மேடம். ஒரு கடையில திருட்டு போயிடுச்சு. திருடனோட முகத்தை வரைய ஆள் வேணும்னு போலீஸ் எங்க கல்லூரியைக் கேட்டாங்க. வேற ஆள் கிடைக்கலையோ என்னவோ, என்னை அனுப்பினாங்க. கடைக்காரர் சொல்லச் சொல்ல நான் வரையணும். இது அதோட நகல்."

"அவர் என்ன சொன்னார்?"

"தொப்பி, அடர்த்தியான புருவம். அதுக்கு மேல அவருக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. மூக்கு எப்படின்னு கேட்டா, மூக்கு மாதிரிதான் இருந்துச்சுங்கிறார்."

"அப்ப இந்த மூக்கு?"

மாணவி குரலில் ஏளனத்தைக் கூட்டினாள். "இரவல் மூக்கு மேடம். நான் தினம் வர்ற பஸ்ல ஒரு கண்டக்டர் இருந்தார். கூட்டத்துல நசுங்கிக்கிட்டு அவர் மூஞ்சியையேதான் பார்த்துக்கிட்டு வரணும், மனப்பாடம் ஆயிடுச்சு. அந்த மூக்கை எடுத்து இங்க ஒட்டிட்டேன். மூக்கு வந்ததும் அதுக்குப் பொருத்தமா அவரோட உதடு, அவரோட தாடை. கடைசியில பார்த்தா தொப்பியும் புருவமும் மட்டும்தான் திருடனோடது."

பெண்மணியின் பேனா விறுவிறுவென்று ஓடியது. "கடைக்காரர் ஒண்ணும் சொல்லலையா?"

"எங்க? முதல்ல தலையைச் சொறிஞ்சார். ரெண்டு தடவை உத்துப் பார்த்துட்டு, இவனேதான்னு சொல்லிட்டார். என் படத்தைப் பார்த்து அவருக்கு ஞாபகம் வருது, அந்தக் கொடுமையை என்னன்னு சொல்ல."

"தெரியாத இடத்தைத் தெரியலைன்னு விட்டிருக்கலாமே?"

இந்தக் கேள்விக்கு மாணவி கண்ணாடி முன்னால் பயிற்சி எடுத்திருக்கவில்லை. "விட்டிருக்கணும் மேடம். மூக்கில்லாம கொடுத்தா எனக்கு வரையத் தெரியலைன்னு நினைப்பாங்களேன்னு பயந்தேன். என் மானத்தைக் காப்பாத்திக்கத்தான் அந்த மூக்கு." முதல் முறையாக அவளுக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது.

"திருடனைப் பிடிச்சாங்களா?"

"பிடிச்சுட்டாங்களாம். எனக்குப் பாராட்டுக் கடிதம் வேற. இந்தப் படத்தை வெச்சு ஒருத்தனைப் பிடிச்சாங்கன்னா, அவங்க எவ்வளவு பெரிய கெட்டிக்காரங்கன்னு பார்த்துக்கங்க," என்று சிரித்தாள் மாணவி.

பெண்மணி சிரிக்கவில்லை. எழுதி முடித்துவிட்டு, எழுதியதை ஒரு முறை முதலிலிருந்து படித்துப் பார்த்தாள். எத்தனை மதிப்பெண் என்று மாணவி எட்டிப் பார்க்கத் துடித்தாள்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு கல்லூரிப் பியூன் தலையை நீட்டினார். "என்ன பாப்பா, இன்னும் போகலையா? பரீட்சை நாளைக்குத்தான். வெளியூர்லேர்ந்து வர்ற மேடத்துக்கு வண்டி ரிப்பேராம், இப்பத்தான் போன் வந்துச்சு."

பியூன் போய்விட்டார். மாணவி எதிரே இருந்தவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்ப நீங்க யாரு?"

பெண்மணி எழுதிய தாளை அவள் பக்கமாகத் திருப்பி, பேனாவை அதன் மேல் வைத்தாள்.

"ஒரு கையெழுத்துப் போடும்மா. அந்தக் கண்டக்டர் என் வீட்டுக்காரர்."