பத்திரமான இடம்

“கதவைத் தாழ் போடுங்க தம்பி. அந்த ஜன்னலையும் சாத்திடுங்க” என்றார் தலைமையாசிரியர், குரலைத் தணித்து. கம்ப்யூட்டர் மெக்கானிக் இரண்டையும் செய்துவிட்டு, உள்ளே ஏதோ கொலையே நடந்துவிட்டதோ என்பதுபோல் அறையைச் சுற்றிப் பார்த்தார்.

தலைமையாசிரியர் மேஜையில் மின்னிக்கொண்டிருந்த தன் போனைக் கவிழ்த்து வைத்தார். பெற்றோர்களின் மெசேஜ் தொல்லையாகத்தான் இருக்கும். அவற்றை அவர் திறந்து பார்ப்பதே இல்லை. பிறகு கம்ப்யூட்டரைக் கைகாட்டினார். காலையிலிருந்து அது கறுப்புத் திரையைக் காட்டி, வயிற்றுக்குள் கடக் கடக்கென்று ஒரு சத்தத்தை மட்டும் எழுப்பிக்கொண்டிருந்தது.

மெக்கானிக் காதை வைத்துக் கேட்டார். “ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு சார்.”

“மெதுவா பேசுங்க! நாளைக்குப் பத்து மணிக்குப் பத்தாம் வகுப்புக்கு மாடல் பரீட்சை ஆரம்பம். அஞ்சு பாடத்துக் கேள்வித்தாளும் இதுக்குள்ளதான் இருக்கு.”

“தெரியும் சார். என் பொண்ணு இங்கதான் பத்தாவது படிக்கிறா.”

தலைமையாசிரியர் அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். சந்தேகப்படாமல் அவருக்குத் தண்ணீர்கூட இறங்காது. ஆசிரியர்கள் கையால் எழுதிக்கொடுத்த கேள்விகளை, நேற்று விடுமுறை நாளில் தனியாக வந்து உட்கார்ந்து, ஒற்றை விரலால் அவரே தட்டச்சு செய்திருந்தார். முடிந்ததும் அந்தத் தாள்களைப் பள்ளிக்குப் பின்னால் கொண்டுபோய்க் கொளுத்தி, சாம்பலில் இரண்டு வாளி தண்ணீரும் ஊற்றினார்.

அவர் இருக்கும்வரை இந்தப் பள்ளியின் கேள்வித்தாள் வெளியே போகாது என்று ஊருக்கே தெரியும். அந்த மரியாதைதான் போலிருக்கிறது, இன்று காலை பிள்ளைகளை விட வந்த பெற்றோர்கள் அவரைக் கண்டதும் வண்டியை நிறுத்தி இறங்கிக் கும்பிட்டார்கள். ஒரு அம்மாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

“டீச்சருங்ககிட்டயே மறுபடி எழுதி வாங்கிடலாமே சார்?”

அதுதான் முடியாது. போன வாரம் ஆசிரியர் கூட்டத்தில் பேக்கப்பின் அருமை பெருமைகளைப் பற்றி முக்கால் மணி நேரம் பொழிந்து தள்ளியிருந்தார். பேக்கப் எடுக்கவில்லை என்று அறிவியல் டீச்சரை எழுப்பி நிற்கவைத்துத் திட்டியும் இருந்தார். இப்போது அவரிடமே போய்க் கையேந்துவதா? உயிரே போனாலும் மாட்டார்.

“சரி, பேக்கப் டிஸ்க் இருக்கா?”

“இல்லாம இருக்குமா?” தலைமையாசிரியர் பீரோவைத் திறந்து, அதன் உள்ளறையைத் திறந்து, அதற்குள் இருந்த தகரப் பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். மூன்று சாவிகள். மெக்கானிக் தன் லேப்டாப்பில் செருகிப் பார்த்தபோது, மூன்று வருடத்துக்கு முந்தைய விளையாட்டு விழாப் படங்கள் வந்தன. அவ்வளவு பத்திரமாகப் பூட்டியதைத் திறந்து புதிதாக எதையும் போடத் தலைமையாசிரியருக்கே மனம் வந்ததில்லை.

“வேற எங்கயும் வைக்கலையா சார்?”

“முடிச்ச கையோட வாட்ஸ்அப்ல என் போனுக்கே ஒரு காப்பி அனுப்பினேன். அது வந்து சேர்ந்தாத்தானே! இந்த நெட்டை நம்பி என்ன பண்றது?”

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். தன் போனை எடுத்து எதையோ தள்ளித் தள்ளிப் பார்த்தார். தலைமையாசிரியரையும் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார்.

“ஒண்ணும் கேக்காதீங்க தம்பி. முடியுமா, முடியாதா? என் மானமே உங்க கையிலதான் இருக்கு.”

“முடியும் சார். அஞ்சு தாளும் வந்தாப் போதும்தானே?”

புது டிஸ்க்கைப் பொருத்தி எல்லாவற்றையும் ஏற்ற இரண்டு மணி நேரம் ஆனது. அதற்குள் தலைமையாசிரியர் பத்து விரல் நகத்தையும் கடித்துத் தீர்த்திருந்தார். ஒருவழியாகத் திரையில் ஐந்து கேள்வித்தாள்களும் வரிசையாக வந்து உட்கார்ந்தன.

கணக்குப் பாடத்தைத் திறந்தார். பதினான்காவது கேள்வியில் ‘முக்கோனம்’ என்று அவர் அடித்த பிழைகூட அப்படியே இருந்தது. அவருக்குக் கண்ணில் நீர் முட்டியது.

“நான் அனுப்பின காப்பியா தம்பி?”

“ஆமா சார். நீங்க அனுப்பினதேதான்.”

போன உயிர் திரும்பி வந்தது. கூடவே பழைய குணமும் வந்தது. கதவை விரியத் திறந்து, ஆசிரியர்கள் அத்தனை பேரையும் உடனே வரச் சொன்னார்.

பதினோரு பேரும் வந்து சுவரோரம் நின்றார்கள். “காலையில இந்த டிஸ்க் செத்துப்போச்சு. ஆனா கேள்வித்தாள்ல ஒரு எழுத்துக்கூடக் குறையல. ஏன்? பேக்கப்! போன வாரம் தலைதலையா அடிச்சுக்கிட்டேனே, அதுதான் இது!”

அறிவியல் டீச்சரைத் தேடிப்பிடித்து ஒரு முறை முறைத்தார். “நான் சொன்னா உங்களுக்கெல்லாம் ஏறாது. தம்பி, நீங்களே சொல்லுங்க. நான் அனுப்பின காப்பி எங்க பத்திரமா இருந்துச்சு?”

மெக்கானிக் கூச்சத்தோடு எழுந்து நின்றார்.

“நேத்து நீங்களே பெற்றோர் குரூப்ல போட்டீங்களே சார், அங்கதான்.”