பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ஓட்டு

"உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணிட்டாரே இந்த மனுஷன்!"

மாவு மில்காரம்மா நடுத்தெருவில் நின்று மாப்பிள்ளையை வாங்கு வாங்கு என்று வாங்கிக்கொண்டிருந்தார். மிஷின் ஓடும்போதே வாடிக்கையாளரோடு பேசிப் பழகிய தொண்டை அது. மினி பஸ் டிரைவரான மாப்பிள்ளை, தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

விஷயம் இதுதான். அந்த ஊரில் பாலத்துக்கு இந்தப் பக்கம் முழுக்க ஒரு கட்சி. அந்தப் பக்கம் முழுக்க எதிர்க்கட்சி. இந்தப் பக்கத்து பூத்தில் எதிர்க்கட்சிக்கு எப்போதும் முட்டைதான். தங்கள் ஆள் ஜெயித்ததைவிட, அந்த முட்டையைத்தான் இவர்கள் வெடி போட்டுக் கொண்டாடுவார்கள். அப்படி ஒரு பெருமை.

இந்தத் தடவை இவர்கள் நிறுத்திய மரக்கடைக்காரர் ஊர்த் தலைவராகிவிட்டார். ஆனால் முட்டை உடைந்துவிட்டது. தோற்றுப்போன மருந்துக்கடைக்காரருக்கு இந்த பூத்தில் ஒரே ஒரு ஓட்டு விழுந்திருந்தது.

மருந்துக்கடைக்காரர் டிரைவரின் கூடப்பிறந்த அண்ணன். அப்புறம் வேறு யார் மேல் சந்தேகம் வரும்?

"அத்தை, நான் நம்ம கட்சிக்குத்தான் போட்டேன்" என்றார் டிரைவர். "இந்தப் பக்கத்துப் பொண்ணைக் கட்டிக்கிட்டேன்னு அண்ணன் என்னை வீட்டை விட்டே துரத்தினார். அன்னைக்கு எனக்குச் சோறு போட்டது இந்தத் தெரு. அதை மறப்பேனா?"

"யார் காதுல பூ சுத்தறீங்க? தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும். எல்லாரும் நல்லாக் கேட்டுக்குங்க, அந்த ஓட்டைப் போட்டது என் மாப்பிள்ளைதான். அண்ணன் அவமானப்படக் கூடாதுன்னு போட்டிருக்கார்."

சலூன்காரர் சும்மா இருப்பாரா? "பார்த்து ஏறுங்கப்பா. இனிமே இவர் பஸ்ல ஏறினா நம்மளையும் அந்தப் பக்கம் இறக்கி விட்டுடுவார்."

தெருவே சிரித்தது.

டிரைவரின் மனைவி, நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "அம்மா, போதும். வீட்டு மானத்தை நீயே ஏலம் போடறே."

"நீ உள்ளே போடி. இந்த நிலைமையில வெயில்ல நிக்காதே."

அன்றைக்கு டிரைவர் சாப்பிடவில்லை. மனைவி துணிகளை எடுத்துப் பெட்டியில் போட ஆரம்பித்தாள். "வேற ஊர்ல வாடகைக்கு வீடு பார்த்துப் போயிடலாங்க."

"பிரசவம் வெச்சிருக்கிற நேரத்துல எங்கே போறது? அந்தப் பக்கம் எங்க அம்மா என் முகத்துலயே முழிக்க மாட்டேங்கறாங்க. இப்போ இந்தப் பக்கமும் போச்சு. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி."

சாயங்காலம் வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஓட்டி வந்தது மருந்துக்கடைக்காரர். பின்னால் இருந்து மெல்ல இறங்கியது அவருடைய அம்மா. டிரைவர் கல்யாணத்துக்குப் பிறகு பாலத்தைத் தாண்டாத அம்மா.

மருந்துக்கடைக்காரர் நேரே வந்து தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தோத்ததுகூட எனக்குப் பெரிசா இல்லைடா. உன் மாமியார் நடுத்தெருவுல உன்னைப் பேசின பேச்சு எங்க பக்கம் பூராவும் பரவிடுச்சு. துரத்தின அண்ணனுக்காக இவ்வளவு ஏச்சு வாங்கியிருக்கியே, நான் எந்த முகத்தை வெச்சுக்கிட்டு வீட்டுல உட்கார்ந்திருப்பேன்?"

"அண்ணே, அந்த ஓட்டு நான்..."

"வாசல்லயே நின்னு பேசினா எப்படி?" என்று குறுக்கே வந்தார் மில்காரம்மா. "சம்பந்தி, உள்ளே வாங்க. டீ போடறேன்."

டிரைவரின் அம்மா மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் வயிற்றில் கை வைத்தார். "வலி எடுத்ததும் எனக்குச் சொல்லி அனுப்பணும். பிள்ளையை முதல்ல என் கையிலதான் கொடுக்கணும்" என்றார்.

அவர்கள் கிளம்பிப் போன பிறகும் டிரைவருக்கு மனசு ஆறவில்லை. டம்ளர் கழுவிக்கொண்டிருந்த மாமியாரிடம் போனார். மனைவியும் பின்னாலேயே வந்தாள்.

"அத்தை, சத்தியமா அந்த ஓட்டு நான் போடலை. செய்யாத உதவிக்கு நன்றி வாங்கிக்கிட்டது உறுத்துது. நாளைக்குப் போய் அண்ணன்கிட்ட உண்மையைச் சொல்லிடறேன்."

"சொன்னீங்கன்னா வீட்டுல சோறு கிடையாது." மில்காரம்மாவுக்கு மெதுவாகப் பேசவும் தெரியும் என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. "நீங்க போடலைன்னு எனக்குத் தெரியாதா? போட்டவளே நான்தானே."

மனைவி அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"பொண்டாட்டி பிரசவத்துக்கு எங்க அம்மா வர மாட்டாங்களான்னு நீங்க தனியா உட்கார்ந்து கலங்கினதை நான் பார்த்தேன் மாப்பிள்ளை. நம்ம ஆள் எப்படியும் ஜெயிப்பார்னு தெரியும். ஒரு ஓட்டுல என்ன குறைஞ்சு போகுது? தெரு ரெண்டு நாள் பேசும். அப்புறம் சந்தைக்குப் போக உங்க பஸ்ஸை விட்டா வேற வழியில்லை, ஏறித்தான் ஆகணும்."

டிரைவருக்குக் கண் நிறைந்துவிட்டது. பெற்ற தாயைத் திருப்பிக் கொடுத்தவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"எல்லாம் சரி அத்தை. ஆனா நடுத்தெருவுல நிக்க வெச்சு அந்தத் திட்டு எதுக்கு?"

"போட்டது யாருன்னு ஓட்டுப் பெட்டி சொல்லாதுல்ல மாப்பிள்ளை. உங்க அம்மா காதுக்குப் போகணும்னா நான்தானே கத்தணும்?"