மணல் தட்டுக்கு வெளியே

“பூனைக்கும் தபசுகாலம் உண்டாம்மா?” என்று, நாற்பது நாள் நோன்பு தொடங்கும் விபூதிப் புதனன்று பேட்ரிசியா கேட்டாள்.

“மனுசங்களுக்குத்தான்டி” என்றாள் இருதயமேரி.

நோன்புக்காக வீட்டில் மீன் சமைப்பது நின்றது. ஆனாலும் மீன்காரி வியாகுலம்மாள் தினமும் பூனைக்கென்று இரண்டு மீன்தலைகளைச் சும்மா கொடுத்துவிட்டுப் போனாள்.

பத்தே நாளில் பூனைக்கு வயிற்றோட்டம். மூலையில் அதற்கென வைத்த மணல் தட்டைத் தவிர வேறெங்கும் மலம் கழிக்காத பூனை அடுப்படியில் அசிங்கம் செய்தது.

கொல்லைக் கதவருகே இருதயமேரி சீறினாள். “அழுகினதைப் போட்டுட்டு தருமம்னு வேற பேரா? இனிமே இந்தப் பக்கம் வராதே!”

“ஜீயபுரத்துல விடியக்காலம் பிடிச்ச மீனும்மா. இதுவரை யாரும் என்னை இப்படிச் சொன்னதில்ல.” வியாகுலம்மாள் கண்கலங்கிப் போய்விட்டாள்.

மீன்தலையை நிறுத்தி நான்கு நாளாகியும் வயிற்றோட்டம் நிற்கவில்லை. மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் அற்புதசாமி பூனையின் வயிற்றைத் தடவிப் பார்த்தார்.

“பால் குடுக்கிறீங்களா? நிறைய பூனைக்கு அது செரிக்காதுங்க.”

“பூனைக்கு ஏதுங்க பாலு?”

பேட்ரிசியா தலைகுனிந்தாள். “காலையில நீ குடுக்கிற பாலை நான் குடிக்கலம்மா. தபசுக்காக விட்டுட்டேன். பூனைக்குத்தான் தபசு இல்லையே, அதுக்கு ஊத்திட்டேன்.”

மறுநாள் விடிந்ததும் இருதயமேரி ஆளில்லாத சந்துமுனையில் காத்திருந்தாள். வியாகுலம்மாள் வந்ததும் தன் கையாலேயே கூடையை இறக்கி வைத்தாள்.

“அக்கா, உங்க மீன்ல குத்தமில்ல. எங்க வீட்டுப் பால்தான். நான் பேசினது பாவம். மன்னிச்சிடுங்க.”

வியாகுலம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அது கிடக்கட்டும்மா. பூனைக்கு இப்ப வயிறு தேவலையா?”