ஒரு டயர்தான் வழக்கம்

“என் புத்தகத்துல முதல் அத்தியாயம் என்னைப் பத்தி இல்லை. எங்க கேப்டன் தங்கபாண்டி அண்ணனைப் பத்தி” என்று மேடையில் விஜயபாண்டி சொன்னதும், கடைசி வரிசையில் இருந்த தங்கபாண்டிக்குக் காது அடைத்துப்போனது.

போடியில் அந்த மண்டபத்தில் நிற்கக்கூட இடமில்லை. பதினான்கு வருடம் மாநில கிரிக்கெட் அணிக்கு ஆடி, அதில் ஆறு வருடம் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்றவன், ஒரு அணியை எப்படி நடத்துவது என்று புத்தகம் எழுதிக்கொண்டு ஊருக்கு வந்திருக்கிறான் என்றால் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்.

முதல் வரிசையில் அவனுடைய தாய் செல்லக்கிளி, மடிப்புக் கலையாத பட்டுச் சேலையில். தங்கபாண்டி ஜீப்பில் ஆள் ஏற்றிப்போகும் எஸ்டேட்டில் இருபது வருடம் ஏலக்காய் பறித்த மனுஷி.

“அன்னைக்கு நடந்தது செலக்சன் மேட்ச். எங்க டீம்ல ஒருத்தரைத்தான் எடுப்பாங்க. அண்ணன் வந்திருந்தா அவர்தான். எனக்கு வழி விடணும்னே அவர் வராம இருந்தார். அவர் இடத்துல நான் கேப்டனா நின்னேன், எண்பத்திரண்டு அடிச்சேன். விட்டுக்கொடுக்கத் தெரிஞ்சவன்தான் தலைவன். அதை அங்கதான் கத்துக்கிட்டேன்.”

மண்டபம் கைதட்டியது.

மகள் வித்யா செல்போனை மேடையிலிருந்து அப்பா முகத்துக்குத் திருப்பினாள். அவர் கிரிக்கெட் ஆடியதையே அதுவரை பாதிதான் நம்பியிருந்தாள்.

“இத ஏம்ப்பா சொல்லவே இல்ல?”

சொல்ல என்ன இருந்தது. அவர் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை.

அன்று விடியலில் பறிப்பு ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போயிருந்தார். அங்கே எஸ்டேட் லயத்து வீட்டில்தான் அப்போது விஜயபாண்டி குடும்பம். ‘கிரிக்கெட் கிட்டைத் தூக்கிட்டு நான் முன்னாடி போறேன்ணே, வெரசா வந்துருங்க’ என்று அவன், ஆள் இறக்கிவிட்டுத் திரும்பிய இன்னொரு டிரைவர் மொக்கச்சாமியின் ஜீப்பில் தொற்றிக்கொண்டு மலை இறங்கிவிட்டான். ஒரு டீயைக் குடித்துவிட்டு வந்து பார்த்தால் பின் டயர் இரண்டும் தரையோடு கிடந்தன. மாற்று டயர் ஒன்றுதான்.

ஜீப் ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு. முறை தப்பி ஆள் ஏற்றினால், முறையை இழந்தவன் வந்து ஒரு டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவான். திட்டிக்கொண்டே பம்பு அடிக்க வேண்டியதுதான். சண்டை அதோடு சரி.

முந்தின நாள் மொக்கச்சாமியின் முறையில் ஆள் ஏற்றியது தங்கபாண்டி.

ஆனால் ஒரு டயர்தான் வழக்கம். வால்வுக்குள் இருக்கும் சின்னப் பின்னையும் உருவி எறிந்து, பம்புக்கும் வழியில்லாமல் செய்வது எந்த ஸ்டாண்டிலும் கிடையாது.

கீழே வந்து சேர்ந்தபோது ஆட்டம் முடிந்து, தேர்வு செய்ய வந்தவர்கள் காரில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

மொக்கச்சாமி அவர் மனைவியின் கூடப்பிறந்த தம்பி. அதனால் வெளியில் மூச்சு விடவில்லை. ‘வண்டி மக்கர் பண்ணிருச்சு’ என்று டீமிடம் சொன்னார். வீட்டிலும் அதையே சொன்னார். மொக்கச்சாமியோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். ஏன் என்று அவனுக்கும் சொல்லவில்லை.

பத்தொன்பது வருடம்.

“அண்ணனை மேடைக்கு அழைக்கிறோம்.”

போகாமல் இருக்க முடியவில்லை. பொய்யான கைதட்டலை மகள் எதிரில் வாங்கிக்கொள்ளவும் முடியவில்லை. மைக்கைப் பிடித்தவர் உள்ளதைச் சொல்லிவிட்டார்.

“தம்பி பெரிய மனசுல சொல்லுது. நான் வேணும்னு நிக்கல. டயர்ல காத்து எறங்கிருச்சு. அதான் வரல.”

கூட்டம் சிரித்தது. தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டு இன்னும் பலமாகத் தட்டியது.

விஜயபாண்டி எழுந்து வந்து அவரைக் கட்டிப்பிடித்தான். காதருகே சொன்னான்.

“ஒண்ணு இல்லண்ணே. ரெண்டு டயரு.”



இரண்டு என்று தங்கபாண்டி ஒருவரிடமும் சொன்னதில்லை.

மைக் இன்னும் அவர் கையில் இருந்தது. வித்யாவின் செல்போன் இன்னும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. முதல் வரிசையில் செல்லக்கிளி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

விழா நடத்துகிறவர் விடவில்லை. “கேப்டன்னா எப்படி இருக்கணும்? நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்கண்ணே.”

தங்கபாண்டி விஜயபாண்டியைப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான், அம்பயர் அவுட் கொடுப்பதற்குக் காத்து நிற்பவனைப் போல.

“கேப்டன்னா மேட்ச்சுக்கு நேரத்துக்கு வந்துரணும்” என்றார்.

மண்டபமே சிரித்தது. விஜயபாண்டி மட்டும் சிரிக்கவில்லை.

மேடையில் போர்த்திய சால்வையை வித்யாவிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். எதிரில் ஜீப் ஸ்டாண்டு. மலையிலிருந்து ஆள் இறக்கிவிட்டு வந்து வரிசையில் நின்றது மொக்கச்சாமியின் வண்டி. அவன் முன்பக்கக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். தலைமுடி பாதி நரைத்திருந்தது. இவ்வளவு பக்கத்தில் நின்று பார்த்து எத்தனை காலம் ஆயிற்று.

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. வண்டிக்குப் பின்னால் போய்க் குனிந்து டயர்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

துணியைத் தோளில் போட்டுக்கொண்டு மொக்கச்சாமி வந்து எட்டிப்பார்த்தான். முதலில் டயரைப் பார்த்தான். பிறகு அவரை.

“என்ன மச்சான், காத்து எறங்கிருச்சா?”

“இல்ல மாப்ளே” என்றார் தங்கபாண்டி. “ரெண்டுலயும் இருக்கு.”